முதல் பைக் எத்தனை சீசீ?

"மகன் 200 சீசீ பைக் ஒன்று எடுக்கப் போகிறானாம். தவணைப் பணத்தை அவனே கட்டுவானாம். நான் பிணையாளியாகக் கையெழுத்து வைத்தால் போதுமாம். வைக்கலாமா?"

கடந்த வருடம் ஒரு நண்பர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் புடவைக் கடை வைத்திருப்பவர். மகனுக்கு வயது இருபது, அப்போதுதான் முதல் சம்பளம் வாங்கியிருந்தான். நண்பரின் வீட்டில் மட்டும் எழும் கேள்வியல்ல இது. நமது நாட்டில் பதிவு செய்யப்பட்டுள்ள வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. பஸ் வராத ஊருக்கும், காலையில் மார்க்கெட்டுக்கும், மாலையில் டியூட்டரிக்கும் அதுதான் துணை. அதேவேளை வருடாந்தம் 2,000க்கும் அதிகமானோர் வீதி விபத்துக்களில் உயிரிழக்கும் இந்நாட்டில், அவர்களுள் மிகப் பெரிய பங்கினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே என்பதையும் மறந்துவிட முடியாது.

ஆகவே சக்தி வாய்ந்த பைக் ஒன்றை முதன்முதலாக வாங்க எண்ணும் இளைஞர்களும், அதற்குக் கையெழுத்து வைக்கப் போகும் வாப்பாமாரும் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

சீசீ வேறு, சக்தி வேறு

சீசீ என்பது எஞ்சின் சிலிண்டரின் கொள்ளளவாகும். அது சக்தியின் அளவல்ல. சக்தியைக் குதிரை வலுவில்தான் பார்க்க வேண்டும். யமஹா எப்.இசட். 149 சீசீ. அதன் சக்தி 12 முதல் 13 குதிரை வலு வரை. அதே நிறுவனத்தின் எம்.ரீ. 15 ரகம் 155 சீசீ. அதன் சக்தியோ ஏறத்தாழ 18 குதிரை வலு. முன்னையது காற்றால் குளிர்வது, பின்னையது நீரால் குளிர்வதும் நான்கு வால்வுகள் கொண்டதுமாகும். "இரண்டும் 150தானே" என்று நினைத்து வாங்குபவர் ஏமாந்து போவார்.

அடுத்து, சக்தியை எடையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பஜாஜ் சீ.ரீ. 100 போன்ற சிறிய பைக்கின் சக்தி சுமார் 8 குதிரை வலு, எடை சுமார் 110 கிலோ. பல்சர் என்.எஸ். 200 சுமார் 24 குதிரை வலு, எடை சுமார் 150 கிலோ. அதாவது எடை ஏறத்தாழ 40 கிலோ கூடும்போது சக்தி மூன்று மடங்காகிறது. ஓட்டுபவரின் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், ஒவ்வொரு கிலோவையும் இழுக்கும் வலு இரண்டு மடங்குக்கு மேல்.

புதிதாக ஓட்டுபவருக்கு இதனால் என்ன நடக்கிறது? பள்ளத்தில் சில்லு இறங்கும்போதோ, திடீரென நாய் ஒன்று குறுக்கே பாயும்போதோ பதற்றத்தில் கை இறுகுகிறது, எக்ஸலரேற்றர் தானாகத் திரும்பிவிடுகிறது. 8 குதிரை வலுவுள்ள பைக் அந்தப் பிழையைப் பெரும்பாலும் மன்னித்துவிடும். 24 குதிரை வலுவுள்ளது மன்னிக்காது. அனுபவசாலி பெரிய பைக்கை ஓட்டுவது அவருக்குப் பலம் அதிகம் என்பதனால் அல்ல. பதற்றத்திலும் எதைச் செய்ய வேண்டும் என்பது அவரது கைக்கும் காலுக்கும் பழகிப் போனதனாலேயே.

ஓடுவதை விட நிற்பதே முக்கியம்

விற்பனை நிலையத்தில் எவ்வளவு வேகம் போகும் என்பதையே சொல்வார்கள். எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். கணக்கு எளிமையானது. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பின்னர் நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும்.

காய்ந்த வீதி, நல்ல டயர், பழகிய கை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 35 கிலோமீற்றர் வேகத்தில் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கை வைக்க ஒரு விநாடி எடுத்தால், அதற்குள் பைக் சுமார் 10 மீற்றர் போய்விடும். அதன் பின் நிற்பதற்கு சுமார் 8 மீற்றர், மொத்தம் 18. அதுவே 70 கிலோமீற்றர் வேகமாயின் முதல் விநாடியில் 19, பின்னர் 32, மொத்தம் 51 மீற்றர். மழை பெய்த வீதியிலோ வளைவில் மணல் கிடந்தாலோ இன்னும் கூடும்.

எனவே 150 சீசீக்கு மேல் வாங்குபவர் ஏ.பி.எஸ். உள்ள பைக்கையே தெரிவு செய்ய வேண்டும். திடீரெனப் பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகிப் பூட்டிக்கொண்டு சறுக்காமல் அது தடுக்கும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சீசீக்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் அதற்கு முந்திய பைக்குகளே இங்கு பழைய சந்தையில் நிறைய இருக்கின்றன என்பதால் விசாரித்தே வாங்க வேண்டும். சில ரகங்களில் முன் சில்லுக்கு மட்டும் இருக்கும், சிலவற்றில் இரண்டுக்கும் இருக்கும். விலை வித்தியாசத்தைப் பார்க்காமல் இரண்டுக்கும் உள்ளதை எடுப்பதே நல்லது.

நமது வீதிக்கு எவ்வளவு போதும்?

நகர்ப்புறங்களில் மோட்டார் சைக்கிளுக்கான வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர், ஏனைய இடங்களில் 70. அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. 125 சீசீ பைக் ஒன்று 70ஐச் சிரமமின்றித் தொடும். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவையிலோ ஹப்புத்தளையிலோ அடிக்கடி ஏறி இறங்குபவருக்கு 150 சீசீ வசதியாக இருக்கும். அதற்கு மேல் வாங்குவது ஆசைக்காகவே அன்றித் தேவைக்காக அல்ல. ஆசைப்படுவது குற்றமில்லை. ஆனால் ஆசைக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பெற்றோல் கணக்கைப் பாருங்கள். சிறிய பைக் லீற்றருக்கு 60 கிலோமீற்றரும், 200 சீசீ பைக் 35 கிலோமீற்றரும் ஓடுவதாக வைத்துக்கொண்டால், தினமும் 30 கிலோமீற்றர் ஓடுபவருக்கு மாதம் முறையே 15 லீற்றரும் 26 லீற்றரும் செலவாகும். 2022இல் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்திற்கு 4 லீற்றரே ஒதுக்கப்பட்டது. அந்த 4 லீற்றரில் ஒருவர் 240 கிலோமீற்றர் ஓட, மற்றவர் 140இல் நின்றுவிட்டார். இது தவிர அகலமான டயர், செயின் செட், பிரேக் பேட் என ஒவ்வொன்றும் பெரிய பைக்கிற்கு விலை கூடியவை. பக்கவாட்டில் பிளாஸ்டிக் கவசம் உள்ள பைக், நிற்கும்போது சரிந்து விழுந்தாலே செலவு வைத்துவிடும். புதிதாகப் பழகுபவரின் பைக் ஒருமுறையாவது விழாமல் இருப்பது அரிது.

லீசிங் கணக்கு

கடையில் எழுதியிருக்கும் விலை செலவின் தொடக்கம் மட்டுமே. உதாரணத்திற்கு, முற்பணம் போக 6 இலட்சம் ரூபாவை வருடத்திற்கு 12 வீத "பிளாட்" வட்டியில் 4 வருடங்களுக்கு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். வட்டி 2 இலட்சத்து 88 ஆயிரம். மொத்தம் 8 இலட்சத்து 88 ஆயிரம். மாதத் தவணை 18,500 ரூபா.

இங்கு கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முதல் மாதத்திலிருந்தே கடன் குறைந்துகொண்டு வருகிறது. ஆனால் வட்டியோ கடைசி மாதம் வரை முழு 6 இலட்சத்திற்கும் கணக்கிடப்படுகிறது. குறைந்து செல்லும் மீதியின்படி பார்த்தால் அந்த 12 வீதம் உண்மையில் 21 வீதத்தை நெருங்கும். ஆகவே "எத்தனை வீதம்" என்று கேட்பதோடு நின்றுவிடாமல், "மொத்தமாக எவ்வளவு கட்டி முடிப்பேன், இடையில் முடித்தால் எவ்வளவு கழிப்பீர்கள், தவணை பிந்தினால் என்ன அறவிடுவீர்கள்" என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வட்டியைத் தவிர்க்க விரும்புவோருக்கு இஜாரா, முராபஹா முறைகளில் நிதி வழங்கும் நிறுவனங்கள் உள்ளன. முராபஹாவில் நிறுவனம் பைக்கை வாங்கி, இலாபத்தைச் சேர்த்து நிர்ணயித்த விலைக்கு உங்களுக்கு விற்கிறது. இஜாராவில் உரிமை நிறுவனத்திடம் இருக்க, நீங்கள் வாடகை செலுத்துகிறீர்கள். எம்முறையாயினும் மேற்சொன்ன மூன்று கேள்விகளும் பொருந்தும். பெயர் மாறுவதால் மாதத் தவணையின் பாரம் குறைந்துவிடுவதில்லை.

பிணையாளிக்கும் ஒரு வார்த்தை. தவணை தவறினால் உங்களிடமும் அறவிடலாம் என்பதுதான் அந்தக் கையெழுத்தின் பொருள். பைக்கைத் திரும்ப எடுத்து விற்ற பின்னரும் மீதி இருந்தால், அதையும் உங்களிடம் கேட்பார்கள்.

சாரதி அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும்

நமது நாட்டில் 100 சீசீ வரையான பைக்கிற்கு ஏ1 வகுப்பும், அதற்கு மேற்பட்டவற்றிற்கு ஏ வகுப்பும் வேண்டும். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தில் எது உள்ளது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனது உறவினர் ஒருவரின் மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பயிலுநர் அனுமதிப்பத்திரம் மட்டுமே கையில் இருக்கும்போது பெரிய பைக் ஒன்றை லீசிங்கில் எடுத்துத் தனியாக ஓடினான். ஈர வீதியில் வளைவொன்றில் சறுக்கி மதிலில் மோதினான். கால் முறிந்தது. முழுமையான காப்புறுதி இருந்தும், உரிய அனுமதிப்பத்திரம் இல்லை என்று நட்டஈடு மறுக்கப்பட்டது. ஐந்து மாதம் வேலைக்குப் போக முடியவில்லை, ஓட முடியாத பைக்கிற்கு வாப்பா தவணை கட்டினார். உயிர் தப்பியதே பெரிது என்று குடும்பத்தார் ஆறுதல் அடைந்தாலும், அந்தக் கடன் முடியும் வரை அவனது சகோதரியின் திருமணப் பேச்சு தள்ளிப் போனது என்பது ஊருக்குத் தெரியாத கதை.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி அடுத்தவருக்கு ஏற்படும் இழப்பை மட்டுமே பார்க்கும், உங்கள் பைக்கையோ உங்கள் காலையோ பார்க்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பைக் வாங்கும்போது

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய பைக்குகளின் விலை ஏறியது. சிலர் வாங்கிய விலைக்கு மேல் விற்றார்கள். 2025இல் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது. எனவே பழைய பைக் எப்போதும் விலை குறையாது என்ற எண்ணத்தில் வாங்க வேண்டாம்.

வாங்கும்போது செஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் போகின்றனவா என்று நீங்களே பாருங்கள். புத்தகத்தில் முழு உரிமையாளராக நிதி நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான கடிதம் இல்லாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். "ஓப்பன் பேப்பரில்" வாங்கி அப்படியே ஓடுவது நம்மவர்களிடம் பெரும் பழக்கமாகிவிட்டது. உரிமை மாற்றத்தை 14 நாட்களுக்குள் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அந்த பைக் செய்யும் குற்றத்திற்குப் பழைய உரிமையாளர் தேடப்படுவார், உங்களுக்கோ அது உங்களுடையது என்று காட்ட ஆதாரம் இருக்காது.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பாருங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ மறைக்கப்படுகிறது என்று சந்தேகியுங்கள். ஹேண்டிலைப் பிடித்துவிட்டு நேராக ஓடுகிறதா, முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தால், விழுந்த பைக்கா என்பது தெரிந்துவிடும். விற்பவருக்கு வேண்டிய பாஸை அல்லாமல் உங்களுக்குத் தெரிந்த கராஜ் பாஸை அழைத்துச் செல்லுங்கள்.

என்ன செய்யலாம்?

எனது யோசனை இதுதான். முதல் வருடத்திற்கு 100 முதல் 125 சீசீ வரையான நல்ல பழைய பைக் ஒன்றைக் கடனின்றி வாங்குங்கள். இரண்டு காலும் தரையில் உறுதியாக ஊன்ற வேண்டும். எஸ்.எல்.எஸ். தரச் சின்னம் உள்ள ஹெல்மட், கையுறை, மூடிய சப்பாத்து ஆகியவற்றிற்கான பணத்தைப் பைக்கின் விலையோடு சேர்த்தே ஒதுக்குங்கள். வெறும் மைதானமொன்றில் திடீர்ப் பிரேக்கும், மெதுவாக வட்டமடிப்பதும் கைக்குப் பழகும் வரை செய்யுங்கள். மழைக்காலம் ஒன்று கடக்கட்டும். அதன் பின்னரும் ஆசை இருந்தால் 150க்குப் போகலாம். முதல் பைக்கை விற்கும்போது வரும் நட்டம், பெரிய பைக்கின் சில மாதத் தவணைகளுக்கு மேல் போகாது. அதைப் படிப்புச் செலவு என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

நண்பர் அன்று கையெழுத்து வைக்கவில்லை. மகனிடம் ஒரு தாளைக் கொடுத்து, சம்பளத்தையும் தவணையையும் பெற்றோலையும் அவனையே எழுதிக் கூட்டச் சொன்னார். இரண்டு நாள் அவன் யாரோடும் பேசவில்லையாம். மூன்றாம் நாள் பழைய 125 ஒன்றைப் பார்க்க வாப்பாவையும் கூட்டிக்கொண்டு போனான். இடையில் ஒருநாள் மணலில் சறுக்கி விழுந்ததில் ஒரு கண்ணாடியும் பிரேக் லீவரும் உடைந்தன. முழங்கை உரசியதோடு போயிற்று, அல்ஹம்துலில்லாஹ்.

சென்ற வாரம் அவனே என்னைத் தேடி வந்தான். "மாமா, 150 ஒன்று பார்க்கிறேன். ஏ.பி.எஸ். இரண்டு சில்லுக்கும் இருக்கு. இந்தக் கடதாசியை ஒருக்கா வாசித்துப் பாருங்களேன், மொத்தம் எவ்வளவு வருகிறது என்று சொல்கிறார்கள் இல்லை" என்றான்.

இப்போது அவனுக்குக் கையெழுத்து வைக்கலாம் என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறேன்.