வழவழப்பே கவசம்

காரியாபட்டிப் பக்கம் கண்மாய் வற்றும்போது ஊத்தா போட்டு விரால் பிடித்திருக்கிறீர்களா? கைக்குள் வந்த மீன் வழவழவென்று நழுவி, மறுபடியும் சேற்றுக்குள் போய்விடும். வீட்டில் அதை ஆயும்போது அம்மா கையில் சாம்பலைத் தொட்டுக்கொள்வார், இல்லையா? அந்த வழவழப்பையே ஆயுதமாக்கிய ஓர் உயிர் ஆழ்கடலில் இருக்கிறது. பெயர் ஹேக்மீன்.

பார்த்தால் விலாங்கு மாதிரிதான். ஆனால் தாடையும் கிடையாது, செதிலும் கிடையாது. வெளிச்சம் எட்டாத கடல் தரையில், செத்து விழும் திமிங்கிலத்தைக்கூடக் குடைந்து தின்னும். சுறா வந்து கவ்வினால்? கண் இமைக்கும் நேரத்தில், விலாவிலுள்ள துளைகளிலிருந்து கொஞ்சமே கொஞ்சம் திரவத்தைப் பீய்ச்சும். கடல்நீர் பட்டதும் அதிலிருந்து முடியைவிட மெல்லிய இழைகள் பிரிந்து, சுற்றியுள்ள நீரையெல்லாம் பிடித்துக் கூழாக்கிவிடும். செவுள் அடைத்துப்போன சுறா, விட்டால் போதும் என்று துப்பிவிட்டு ஓடும்!

சரி, அந்தக் கூழ் தன்னையே மூச்சு முட்ட வைத்தால்? அதற்கும் வழி வைத்திருக்கிறது. வாலில் ஒரு முடிச்சுப் போடும். அந்த முடிச்சை அப்படியே தலை வரைக்கும் உருட்டிக்கொண்டு போய், உடம்பை வழித்துவிடும். கெட்டியான முதுகெலும்பு இல்லாததால்தான் இது முடிகிறது.

2017-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில், ஒரு லாரி ஏற்றி வந்த ஹேக்மீன்கள் நெடுஞ்சாலையில் கொட்டிவிட்டன. கார்களெல்லாம் கூழில் மூழ்கின. சாலையை வழிக்கக் கடைசியில் புல்டோசரே வரவேண்டியிருந்தது.