வாயைப் பூட்டும் வஞ்சகன்!

சாலவாக்கத்தைச் சுற்றி ஒருபுறம் ஏரிப்பாசன வயல்கள். மறுபுறம் கல் குவாரிகள். உழவன் வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறான். கல்லுடைக்கும் தோழன், சில்லு தெறித்த கையோடு மீண்டும் சம்மட்டியைத் தூக்குகிறான். சிறு காயந்தானே என்று இருவரும் மஞ்சளை அப்பி மறந்துவிடுகிறார்கள். அந்தச் சிறு காயத்திலேதான் சாவு வந்து குடியேறுகிறது!

சில நாள் சென்றதும் தாடை இறுகுகிறது. முதுகு வில்லாய் வளைகிறது. கதவு தட்டும் ஓசைக்கே உடல் துடிக்கிறது. ‘பேய் பிடித்தது’ என்பார் ஒருவர். ‘காத்துக் கருப்பு’ என்பார் இன்னொருவர். வேப்பிலை வரும், உடுக்கை வரும். டாக்டர் மட்டும் கடைசியில் வருவார்!

பேயுமல்ல, பிசாசுமல்ல, தோழர்களே! இது இரணஜன்னி. மண்ணிலும் சாணத்திலும் கிடக்கும் ஒரு கிருமியின் வேலை. 1889-ல் ஜப்பானிய விஞ்ஞானி கிடசாடோ அக்கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார்.

கிருமி காயத்திலேயே தங்கிவிடுகிறது. அது கக்கும் நஞ்சுதான் நரம்பின் நுனியில் நுழைந்து, நரம்பு வழியே ஏறி, முதுகுத் தண்டை அடைகிறது. அங்கே என்ன செய்கிறது? தசையை ‘இழு’ என ஏவும் ஆணை ஒன்று. ‘போதும், நிறுத்து’ என அடக்கும் ஆணை மற்றொன்று. இவ்வாணைகளை நரம்பணுக்கள் இரசாயனத் துளிகளாக அனுப்புகின்றன. அடக்கும் துளியை வெளியே விடுகிற புரதத்தை நஞ்சு வெட்டிவிடுகிறது. மூக்கணாங்கயிறு அறுந்த மாடு என்னவாகும்? தசைகளெல்லாம் ஒருசேர இழுக்கின்றன. மூச்சுத் தசையும் இறுகினால் உயிர் போகிறது.

இவனுக்குப் பங்காளி ஒருவன் உண்டு. சரியாகப் பதப்படுத்தாமல் அடைத்த டப்பா உணவிலே வளரும் பொட்டுலினம்! அவன் நஞ்சில் சில வகைகள் வெட்டுவதும் அதே புரதத்தைத்தான். ஆனால் முதுகுத் தண்டுவரை போவதில்லை. நரம்பும் தசையும் கூடும் இடத்திலேயே ‘இழு’ என்ற ஆணையை மறிக்கிறான். உடல் துவண்டு விழுகிறது. ஒருவன் இறுக்கிக் கொல்கிறான். மற்றவன் தளர்த்திக் கொல்கிறான்!

நரம்புக்குள் புகுந்துவிட்ட நஞ்சை முறிமருந்து தொடமுடியாது. ஒருமுறை வந்து பிழைத்தவனுக்கும் எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை. எனவே, முன்கூட்டியே தடுப்பதுதான் வழி.

தடுக்க முடியுமா? முடிந்திருக்கிறது! 1980-களின் இறுதியில் இந்நாட்டில் ஆண்டுக்கு ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளை இந்நோய் தாக்கியதாக மதிப்பிடப்பட்டது. தொப்புள்கொடி அறுத்த அழுக்குக் கத்தி செய்த கொடுமை அது. ‘தோஷம்’ என்று அழுதாள் தாய். கர்ப்பிணிக்குத் தடுப்பூசியும், சுத்தமான பிரசவமும் வந்தன, தோஷம் ஓடிற்று! தாய்க்கும் சேய்க்கும் வரும் இரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ஆனால் மண்ணிலே கிருமி இன்றும் இருக்கிறது. மண்ணிலே உழைப்பவனும் இருக்கிறான். பிள்ளைகளுக்கு 10 வயதிலும் 16 வயதிலும் போடுகிறார்கள் ஊசி; பெற்றவன் கடைசியாகப் போட்டது எப்போது? நாம் கேட்கிறோம், குவாரி முதலாளிகளே, சம்மட்டிக்குப் பிடி போடும் நீங்கள் அதைப் பிடிக்கும் கைக்கு ஊசி போட்டீர்களா?

தோழர்களே, காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். கூலி கேட்கும் வாய், ஊசியும் கேட்கட்டும். கேட்கும் வாயை நஞ்சு பூட்டிவிடுமுன்!