கழியும் கழியொலியும்

"ஐயா, கழியொலி என்னுஞ் சொல்லிலே கழி என்பதன் பொருள் யாது?" என்று மாணாக்கன் ஒருவன், விஞ்ஞானப் பாடநூலும் கையுமாக வந்து என்னை வினவினான். கழி என்பது மிகுதிப் பொருள் தரும் உரிச்சொல். செக்கனுக்கு 20,000 அதிர்வு என்னும் செவியின் எல்லையைக் கடந்த ஒலியே கழியொலி என்றேன். "அதனாற் பயன் என்ன, ஐயா?" என்றான். ஆற்றையும் கடலையும் அளக்கலாம் என்றேன். அவ்விடையின் விரிவே இக்கட்டுரை.

கழி என்பதற்குக் கோல் என்றும், உப்புநீரோடை என்றும் வேறு பொருள்கள் உள. அளவுகோலை நாட்டி நீர்மட்டம் பார்த்தல் பழைய வழக்கம். நைல் நதியின் றோடாத் தீவிலே கி.பி. 861இல் அமைந்த அளவுத்தூண் இன்றும் நிற்கின்றது. ஆயினும், கோலை ஒருவர் சென்று பார்த்தல் வேண்டும். அளவு எப்போது மிகவுந் தேவையோ, அந்த வெள்ள இரவிலேதான் அதனை அணுகுதல் அரிது.

கழியொலிக் கருவி நீரைத் தீண்டுவதில்லை. பாலத்தினடியிலே தொங்கிக் கீழ்நோக்கி ஒலித்துடிப்பை விடுத்து, நீரிற் பட்டு மீளும் எதிரொலியை ஏற்கும். வெப்பநிலை 20 பாகையாயின் வளியில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் செல்லும். சென்று மீண்ட நேரத்திற் பாதியை இவ்வேகத்தாற் பெருக்க, இடைத்தூரம் வரும். கருவி இருக்கும் உயரத்தினின்று அதனைக் கழிக்க, நீர்மட்டம் தெரியும்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 2008 யூன் மாதம் சீடர் ஆறு 31.12 அடிவரை உயர்ந்து, சீடர் ரப்பிட்ஸ் நகரின் ஒரு பகுதியை மூழ்கடித்தது. மறு ஆண்டு அயோவாப் பல்கலைக்கழகத்திலே வெள்ள நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அந்நிலையத்தார் இத்தகைய கருவிகளை இருநூற்றுக்கு மேற்பட்ட பாலங்களிற் பொருத்தினர். சூரிய ஒளியால் இயங்கும் அவை, கைப்பேசி வலையமைப்பின் வழியே அளவுகளை அனுப்புகின்றன. விலை குறைந்தமையாலன்றோ சிற்றோடைகளுக்கும் காவல் வாய்த்தது!

விலை குறைந்த கருவியைக் கண்ணை மூடி நம்புதல் தகாது. வெப்பநிலையைப் பத்துப் பாகை தவறாகக் கொண்டால், ஐந்து மீற்றர்த் தூரத்தில் ஏறத்தாழ ஒன்பது சென்ரிமீற்றர் பிழைபடும். ஆதலின் அருகே வெப்பமானியும் வேண்டும். புயற்காலக் கடலிலோ அலை ஓயாது. பல அளவுகளை எடுத்துச் சராசரி காண வேண்டும். நீர் மிக நெருங்கினாற் கருவி எதிரொலியைப் பிரித்தறியாது. எனவே, வரக்கூடிய பெருமட்டத்திற்கும் மேலே அதனை அமைத்தல் வேண்டும்.

1964 டிசெம்பர் 22 இரவு, எம் வடபகுதியையும் தாக்கிய புயலிலே, மன்னாருக்கு எதிர்க்கரையான தனுஷ்கோடியிற் கடல் பொங்கிப் புகைவண்டியொன்றை வாரிக்கொண்டது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கருவி கடலைத் தடுக்கமாட்டாது. கடல் எழுகின்றதென்பதைச் சில நாழிகை முன்னே சொல்லும். உயிர் தப்ப அந்நாழிகைகள் போதியனவாதலுங் கூடும்.

ஆசிரியர்கட்கு ஒரு வேண்டுகோள். மாணாக்கர் கையாளும் சிறு கருவிகள் நான்கு மீற்றர் வரை அளக்க வல்லன. பாடசாலைக் கிணற்றிலோ குளக்கட்டிலோ அவற்றைப் பொருத்தி அளக்கப் பழக்குங்கள். அருகே அளவு குறித்த கழியொன்றையும் நாட்டி, இரண்டையும் நாள்தோறும் ஒப்பிடச் செய்யுங்கள். கழியொலியின் மெய்யைச் சோதிக்க, அந்தப் பழைய கழியே இன்றும் உரைகல்.