பழைய வாஷிங் மெஷினைத் தூக்கிப் போடும் முன்

கோட்டையூரின் பெரிய வீடுகளில் வாஷிங் மெஷினுக்கு இடம் இரண்டாங்கட்டின் ஓரமோ கிணற்றடிப் பக்கமோதான். பத்து வருடம் உழைத்த மெஷின் ஒருநாள் முனகிவிட்டு நின்றுவிட்டால், "ஆயுசு முடிஞ்சிருச்சு ஆச்சி, புதுசு வாங்கிருங்க" என்ற பேச்சுதான் முதலில் வருகிறது. பல நேரம் அது அவசரத் தீர்ப்பு. மெஷின் எப்படி நிற்கிறது, என்ன சத்தம் போடுகிறது என்று கவனித்தாலே கோளாறு இருக்கும் இடம் பாதி தெரிந்துவிடும்.

நம் பக்கத்தில் அதிகம் ஓடும் செமி ஆட்டோமேட்டிக்கை எடுத்துக்கொள்வோம். துவைக்க ஒரு மோட்டார், பிழிய ஒரு மோட்டார். இரண்டுக்கும் கண்டன்சர் துணை வேண்டும். வீட்டுக்கு வரும் ஒற்றை ஃபேஸ் மின்சாரத்தால், நின்றுகொண்டிருக்கும் இந்த வகை மோட்டாரைத் தானாகச் சுழல வைக்க முடியாது. இரண்டாவது சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தைக் கண்டன்சர் சற்று முன்னே நகர்த்தித் தருகிறது. அதனால்தான் மோட்டார் ஒரு திசையில் கிளம்புகிறது. கண்டன்சர் வலுவிழந்தால் மோட்டார் 'உம்'மென்று முனகும், சுற்றாது. அப்படியே விட்டால் சுருள் சூடேறிக் கருகிவிடும். ஆகவே முனகல் கேட்டதும் சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்கி, பின்மூடியைக் கழற்றி, கண்டன்சரில் தங்கியிருக்கும் மின்சாரத்தை ஒரு குண்டு பல்பு வழியாக இறக்கிய பிறகு மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். மேலே அச்சிட்ட மைக்ரோஃபாரட் அளவைவிட நன்றாகக் குறைந்திருந்தால் அதே அளவில் வேறொன்று மாற்றினால் போதும். மோட்டாரைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

மோட்டார் ஓடுகிறது, துணி சுழலவில்லை என்றால் பெல்ட் தளர்ந்திருக்கும். பிழியும் பக்கம் மட்டும் முனகினால் பிரேக் கம்பியையும் பாருங்கள். துருப்பிடித்த பிரேக் விடுபடாமல் டிரம்மை இறுக்கிக்கொண்டிருக்கும். அடிப்பக்கம் திறந்த மெஷின் என்றால் எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தண்ணீர் மெதுவாக ஏறினால், குழாய் மாட்டும் இடத்து வலையில் மேல்தொட்டி மணலும் சுண்ணாம்பும் அடைத்திருக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மெஷின் நகர்ந்து நகர்ந்து போனால், கால் திருகுகளைத் திருகி நான்கு காலும் சமமாகத் தரையில் ஊன்றும்படி செய்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய முதுமை வேறு. ஃப்ரண்ட் லோடு மெஷினின் டிரம் துருப்பிடிக்காத எஃகு. அதன் முதுகைத் தாங்குவது மூன்று கைகள் கொண்ட அலுமினிய உலோகக் கலவைத் தாங்கி. மெக்கானிக்குகள் ஸ்பைடர் என்பார்கள். இரு வேறு உலோகங்கள் ஒட்டி நிற்க, நடுவே சோப்பு கலந்த தண்ணீர் இருந்தால் அங்கே ஒரு மின்கலம் உருவாகிவிடுகிறது. அதில் எஃகு தப்பிக்கும், அலுமினியம் கரையும். சோப்புத்தூளின் காரமும் அலுமினியத்தின் மேலுள்ள பாதுகாப்புப் படலத்தை அரிக்கும். கைகள் சாம்பல் நிறத்தில் பொருபொருவென்று உதிர்ந்து, பிழியும் வேகத்தில் ஒருநாள் முறிந்தே போகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரம்மின் விளிம்பை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். வெளித்தொட்டியும் சேர்ந்து அசைந்தால் அது இயல்பு. டிரம் மட்டும் தனியே ஆடினால் பேரிங்கோ ஸ்பைடரோ போய்விட்டது.

இந்த அரிப்பை ஆராயும் பெரிய நிறுவனம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோட்டையூரில் 1909இல் பிறந்த வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்தான் அது. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பாலத்துக் கம்பியையும் கப்பலின் அடித்தகட்டையும் தின்னும் அதே மின்வேதியியல்தான் நம் கிணற்றடி மெஷினுக்குள்ளும் வேலை செய்கிறது. பிள்ளைகளுக்கு அரிமானப் பாடத்தைச் சொல்லித்தர, கழற்றிப் போட்ட ஒரு ஸ்பைடரைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

இந்த அரிப்பைத் தள்ளிப்போடுவது எளிது. சோப்புத்தூளை அளந்து போடுங்கள். நுரை கூடினால் அழுக்கு கூடுதலாகப் போகும் என்பது தவறான நம்பிக்கை. துவைத்து முடித்ததும் கதவைத் திறந்து உள்ளே காய விடுங்கள்.

கண்டன்சர், பெல்ட், பிரேக் கம்பி, வடிகால் பம்பு இவற்றில் கோளாறு என்றால் பழுது பார்ப்பதே சரி. பிரிக்க முடியாதபடி ஒட்டி மூடிய தொட்டிக்குள் ஸ்பைடர் போயிருந்தால் மட்டும் புதியதை யோசிக்கலாம். ஆனால் ஈரக்கையால் தொடும்போது சுரீர் என்று மின்சாரம் தெரிந்தால் இவற்றில் எதையும் நீங்களே செய்யாதீர்கள். உடனே மெஷினை நிறுத்தி, எலக்ட்ரீஷியனை வரவழைத்து, முதலில் வீட்டின் எர்த்தைச் சரிபாருங்கள்.