கடல் இல்லாத சீமையில் கடல்தேங்காய்

திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன்தான் பின்னாளில் ரமண மகரிஷி ஆனார். அவருடைய குடும்பத்தைப் பற்றிப் பழைய கதை ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அந்த வீட்டு வாசலில் வந்து நின்ற துறவிக்குச் சோறும் கிடைக்கவில்லை, மரியாதையும் கிடைக்கவில்லை. தலைமுறைக்கு ஒருவர் வீட்டைத் துறந்து பிச்சை ஏற்பார் என்று சபித்துவிட்டுப் போனாராம் அவர். ரமணரின் தந்தை சுந்தரம் ஐயருடைய அண்ணன் வீட்டை விட்டுப் போய்த் திரும்பாததையும், பிறகு ரமணரே 1896-இல் திருவண்ணாமலைக்குப் போனதையும் இந்தச் சாபத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். கதையை நம்புவது அவரவர் விருப்பம். ஆனால் மழை பொய்த்தால் கண்மாயும் கிணறும் சேர்ந்தே வறண்டுபோகும் சீமையில், வாசலில் நிற்பவருக்கு ஒரு பிடி சோறு போடுவதை எவ்வளவு பெரிய கடமையாக நினைத்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. நான் பேச வந்தது அப்படிப்பட்ட துறவிகளின் கையில் இருந்த பாத்திரத்தைப் பற்றி. பண்டாரங்களும் பரதேசிகளும் ஏந்திய திருவோடுகளில் உயர்வாக மதிக்கப்பட்டது, கறுத்து, வழவழப்பாக, படகின் வடிவில் இருக்கும் கடல்தேங்காய் ஓடு. அது விளையும் இடம் திருச்சுழியின் குண்டாற்றங்கரையிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலுக்கு நடுவே இருக்கிறது.

செஷல்ஸ் நாட்டில் பிராலின், கியூரியூஸ் என்ற இரண்டே தீவுகளில்தான் இந்தப் பனையினம் இயற்கையாக வளர்கிறது. உலகத்திலேயே மிகப் பெரிய விதை இதனுடையது. ஒரு காய் முற்ற ஆறேழு ஆண்டுகள் ஆகும், விதையின் எடை 20 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. இரண்டு பெரிய தேங்காய்களை ஒட்டவைத்தது போன்ற உருவம். உயிருள்ள காய் தண்ணீரில் மூழ்கிவிடும். உள்ளே அழுகிக் காலியான ஓடு மட்டுமே மிதந்து, நீரோட்டத்தில் மாலத்தீவுக் கரைகளில் ஒதுங்கும். ஒதுங்கியது எதுவும் முளைக்காது. மரம் எங்கே என்று யாருக்கும் தெரியாததால், கடலுக்கடியில் ஒரு பெருமரம் நிற்கிறது என்று மலாய் மாலுமிகள் சொன்னார்கள். மாலத்தீவில் கப்பல் உடைந்து 1602 முதல் 1607 வரை அங்கே சிக்கிக்கிடந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார், கரை ஒதுங்கும் காய் ஒவ்வொன்றும் அரசனுக்கே சொந்தம் என்றும், ஒளித்து வைத்தவர்கள் தண்டிக்கப்பட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

வணிகக் கப்பல்களில் போனவர்கள் ஊருக்குக் கொண்டுவந்த விசித்திரப் பொருள்களில் இதற்கு நிகராக விலைபோனவை குறைவு. டச்சுத் தளபதி வோல்ஃபெர்ட் ஹெர்மன்சூன் பாண்டம் துறைமுகத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து காத்ததற்காக அந்த ஊர் சுல்தான் அவருக்கு ஒரு காயைப் பரிசளித்தார். அதற்குப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் 4,000 புளோரின் தர முன்வந்ததாகச் சொல்வார்கள். அதே ருடால்ஃபின் அரண்மனைக் கலைஞர் ஆன்டன் ஷ்வைன்பெர்கர் 1602-இல் ஒரு கடல்தேங்காய்க்கு வெள்ளிப்பூண் கட்டிச் செய்த கூஜா, இன்று வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் யாரும் தண்ணீர் குடித்ததில்லை என்று நினைக்கிறேன். குடிப்பதற்கு அல்ல, வருகிறவர்கள் பார்த்து வியப்பதற்காகச் செய்தது அது. விஷமுறிவு மருந்து என்ற நம்பிக்கையும் விலையை ஏற்றிவிட்டது. கோவாவில் இருந்த மருத்துவர் கார்சியா த ஓர்ட்டா, 1563-இல் அச்சான தன் நூலில் மாலத்தீவுத் தேங்காயைப் பற்றி எழுதியிருக்கிறார்.

கப்பல்காரர் கொண்டுவரும் விநோதப் பொருள் எவ்வளவு அபூர்வமானது என்பது அதன் ஆயுளைத் தீர்மானிப்பதில்லை. அதைப் பெற்றுக்கொள்ளும் ஊர் அதற்கு என்ன வேலை கொடுக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. இதை நிரூபிக்க ஒரு சோதனை தானாகவே நடந்தது. 1768-இல் மாரியோன் துஃப்ரேன் அனுப்பிய பிரெஞ்சுக் குழு பிராலின் தீவில் இறங்கியது. அதிலிருந்த பாரே என்ற நில அளவையாளர் மரத்தை நேரில் பார்த்தார். மறுஆண்டே துஷெமின் என்ற கப்பல் தலைவர் அந்தத் தீவுக்குத் திரும்பிவந்து, கப்பல் கொள்ளும் மட்டும் காய்களை ஏற்றி இந்தியாவுக்குக் கொண்டுவந்து கொட்டினார். விலை சரிந்தது. மர்மமும் போனது. காட்சிப்பொருளாக மட்டும் அதற்கு மதிப்பு இருந்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஐரோப்பாவில் ஏறக்குறைய அப்படித்தான் முடிந்தது. மன்னர்கள் ஏலம் கேட்ட காய் வெறும் ஆச்சரியமாகச் சுருங்கிப்போனது. இங்கேயோ விலை சரிந்த பிறகும் அது துறவியின் கையைவிட்டுப் போகவில்லை. சித்த மருத்துவத்திலும் கடல்தேங்காய் நிலைத்தது. பாரசீகம் தொடங்கி வட இந்தியா வரை முஸ்லிம் பக்கிரிகளும் இதே ஓட்டில் செய்த கஷ்கோல் என்ற பிச்சைப் பாத்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். பாதியாகப் பிளந்து, உள்ளே சுரண்டி, இரு முனையிலும் துளையிட்டுக் கயிறோ சங்கிலியோ கட்டினால் பாத்திரம் தயார். சோறும் குழம்பும் ஊறாது, கீழே விழுந்தால் சட்டென்று உடையாது, செம்பு பித்தளை போல யாரும் திருடவும் நினைக்கமாட்டார்கள். ஒரு சொத்தும் வைத்துக்கொள்ளக் கூடாதவருக்கு இதைவிடப் பொருத்தமான சொத்து வேறு இல்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, நம் ஊரில் பெரும்பாலான திருவோடுகள் கடல்தேங்காயே அல்ல, திருவோட்டு மரத்தின் காயிலிருந்து செய்தவை என்பது. உண்மைதான். உருண்டையாக, லேசாக, பழுப்பு நிறத்தில் இருக்கும் அந்த ஓடுகள்தான் அதிகம் புழங்கின. கோயில் நந்தவனங்களில் அந்த மரத்தை இன்றும் பார்க்கலாம். ஆனால் அதன் பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. அதுவும் கப்பலேறி வந்ததுதான். கடல்தேங்காய் கிடைக்காதபோது அந்த வேலையை இன்னொரு கடல்கடந்த காய் ஏற்றுக்கொண்டது என்றால், நான் சொல்வதற்கு அது வலுவே சேர்க்கிறது. பொருள் மாறினாலும் வேலை மாறவில்லை. ரமணரோ திருவண்ணாமலைத் தெருக்களில் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தி வாங்கி, நின்ற இடத்திலேயே சாப்பிட்டவர். வேலை இருக்கும் வரை ஓடு கூட அவசியம் இல்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. கப்பல் தலைவர் மூட்டையாக ஏற்றி விற்றது வியாபாரம், மாலுமி ஆசையாக எடுத்துவந்த நினைவுப்பொருள் வேறு, இரண்டையும் குழப்பக் கூடாது என்பார்கள். அந்தக் காலக் கப்பல்களில் இந்தக் கோடு இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் அதிகாரிகள் சொந்தச் சரக்கு ஏற்றிக்கொள்ள இடம் ஒதுக்கியிருந்தார்கள். சம்பளத்தைவிட அதில்தான் அவர்களுக்கு வருமானம் அதிகம். ஆசைக்கு எடுத்த பொருளை அடுத்த துறைமுகத்தில் விற்பதும், விற்க எடுத்ததை வீட்டில் வைத்துக்கொள்வதும் சாதாரணம். ஹெர்மன்சூனுக்குப் பரிசாக வந்த காய்க்கே பேரரசர் விலை பேசவில்லையா?

கடலைப் பார்க்காமலே ஆயுளைக் கழித்த மக்கள் நிறைந்த அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமைக்கும் கப்பலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள், அந்த மண்ணில் விளைவதைப் பார்த்தால் போதும். மிளகாயும் நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். மிளகாய் போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. பக்கத்து ராமநாதபுரத்தின் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. கரிசலின் கருங்கண்ணிப் பருத்தி நம்முடையது, ஆனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிணற்றுப் பாசனத் தோட்டங்களுக்கு வந்த கம்போடியா பருத்தியின் பெயரே அது வந்த வழியைச் சொல்லிவிடும். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் நெடுஞ்சாலை அருப்புக்கோட்டையை ஒட்டித்தான் போகிறது. துறைமுகத்தில் இறங்கியது இந்தச் சீமைக்கு வந்து சேராமல் போக வழியே இல்லை. செஷல்ஸில் 1770-இல் முதன்முதலாகக் குடியேறிய 28 பேரில் ஐந்து பேர் இந்தியர்கள். பின்னாளில் தமிழ் வணிகர்கள் அங்கே வேரூன்றி, தலைநகர் விக்டோரியாவில் நவசக்தி விநாயகருக்குக் கோயிலும் கட்டினார்கள். ஓடு இங்கே வந்ததோடு நிற்கவில்லை, மனிதர்களும் எதிர்த்திசையில் போயிருக்கிறார்கள்.

இன்று கடல்தேங்காய் அழிவின் விளிம்பை நோக்கிப் போகிறது. காய்களைத் திருடி விற்பவர்கள் அதிகமாகிவிட்டதால், அரசு முத்திரையும் அனுமதிச் சீட்டும் இல்லாமல் ஒரு காயைக்கூட செஷல்ஸிலிருந்து வெளியே கொண்டுபோக முடியாது. அந்தக் கட்டுப்பாடு சரியானது, இன்னும் கடுமையாக வேண்டும். அதனாலேயே நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய ஓடுகளின் மதிப்பு கூடுகிறது. மடங்களிலும், சாமியார் சமாதிகளிலும், பரம்பரை வைத்தியர் வீட்டுப் பரண்களிலும் இப்படி ஒன்று கிடந்தால், பழம்பொருள் வியாபாரி கேட்கும் விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். மாவட்ட அரசு அருங்காட்சியகத்துக்குத் தெரிவித்தால் படம் எடுத்துப் பதிவு செய்யலாம். அடையாளம் காண்பது கடினமல்ல. திருவோட்டுக்காய் என்றால் ஓடு மெல்லியதாகவும் கையில் எடை தெரியாததாகவும் இருக்கும், வாய் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும். கடல்தேங்காய் ஓடு தடித்தது, கனமானது, நீண்டு இரு முனையும் குறுகியது, புழங்கப் புழங்கக் கருங்காலிபோல் கறுத்துப் பளபளப்பது. கயிறு கட்டிய துளையின் ஓரம் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தால், அது பல ஊர் வாசல்களைப் பார்த்த ஓடு.