கதக் மேடையில் பிறக்கும் கற்பனை: ஆய்வு மாணவர்களுக்குக் காத்திருக்கும் சவால்

புது தில்லி: தலைநகரின் மண்டி ஹவுஸ் பகுதி அரங்குகளில் கதக் நிகழ்ச்சி பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. ஆடிக்கொண்டிருக்கும் நடனமணி சட்டென நின்று, ஒலிவாங்கியின் முன் கையால் தாளமிட்டபடி சொற்கட்டுகளைச் சொல்லிக் காட்டுவார். பிறகு அவற்றையே ஆடுவார். தபேலா கலைஞர் சிறு மாற்றத்துடன் வினா எழுப்ப, சலங்கை அதற்கு விடை சொல்லும். அவையில் "வாஹ், வாஹ்" என்ற குரல் எழும். இதில் வீட்டில் பயின்று வந்தது எவ்வளவு, அந்த நொடியில் அங்கேயே பிறந்தது எவ்வளவு?

நடனத்தை உயர்கல்வியில் பாடமாக எடுக்கும் மாணவர்கள் பலரைக் கவரும் கேள்வி இது. கதக்கில் இதற்கு 'உபஜ்' என்று பெயர். விளைந்து எழுவது என்ற பொருளுடைய இந்திச் சொல். கர்நாடக இசையில் நாம் மனோதர்மம் என்று கூறுவதற்கு நெருங்கிய உறவு.

இந்த ஆய்வைத் தள்ளிப்போட முடியாததற்குக் காரணம் உண்டு. லக்னோ மரபின் பெரும் ஆசான் பண்டிட் பிர்ஜு மகராஜ் 2022 ஜனவரியில் மறைந்தார். ('விஸ்வரூபம்' படப் பாடலுக்கு நடனம் அமைத்துத் தேசிய விருது பெற்றவர் என்றால் நம் வாசகர்களுக்கு உடனே நினைவுக்கு வரும்.) கதக்கில் குழு நடனத்துக்குத் தனி இடம் தேடித் தந்த ஆமதாபாத் குமுதினி லாக்கியா 2025 ஏப்ரலில் காலமானார். நீண்ட தனி ஆட்டத்தில் வளர்ந்த தலைமுறை மெல்ல விடைபெறுகிறது. பலர் ஒருசேர ஆடும் குழு நடனத்தில் ஒருவர் மட்டும் நினைத்தபடி விலகிச் செல்ல இயலாது. பதிவு செய்த இசைக்கு ஆடினால் வினா எழுப்பத் தபேலா கலைஞரே இல்லை.

ஆனால் ஆர்வத்தில் மாணவர்கள் எடுக்கும் தலைப்பு பெரும்பாலும் வானளாவியதாக இருக்கிறது. "கதக்கில் கற்பனை" என்பது ஓர் ஆயுட்காலத்துக்கான பணி. ஒரு பருவத்துக்குள் முடிக்க வேண்டியவர் ஒரு சிறு துண்டைப் பிடித்துக்கொள்வதே நல்லது. 'திஹாய்' அதற்குப் பொருத்தமானது. ஒரு சொற்கட்டை மும்முறை ஆடி, தாளத்தின் முதல் மாத்திரையான 'சம்'மில் வந்து நிற்பது திஹாய். 16 மாத்திரை கொண்ட தீன்தாளில், சம்மில் தொடங்கும் 5 மாத்திரைச் சொற்கட்டை இடையிடையே 1 மாத்திரை விட்டு மும்முறை ஆடினால் 17 ஆகிறது. அந்த 17-ஆவதே அடுத்த சம். கணக்கு தெரிந்துவிட்டதால், கலைஞர் எங்கே தொடங்கினார், எங்கே இடைவெளியை மாற்றினார் என்பதைக் கண்ணால் காட்டி நிறுவலாம். முகபாவத்தில் இது எளிதல்ல.

ஒரே பதிவு போதாது: பலரும் தடுமாறுவது இங்கேதான். ஒரே ஒரு நிகழ்ச்சியின் படத்தை வைத்து "இது கற்பனை" என்று எழுதிவிட முடியாது. அபிநயத்தில் நினைத்த நேரத்தில் விரித்துச் செல்வதற்குப் பெயர் பெற்ற பாலசரஸ்வதியைப் பற்றி 1976-இல் சத்யஜித் ரே எடுத்த 'பாலா' ஆவணப்படம் அரிய பொக்கிஷம். ஆயினும் அது மட்டுமே அவர் மறுநாள் எப்படி ஆடியிருப்பார் என்பதைச் சொல்லாது. ஒரே கலைஞர், ஒரே தாளம், ஒரே வேகம், ஒரே லெஹரா இசை என வைத்துக்கொண்டு மூன்று, நான்கு தடவையாவது பதிவு செய்ய வேண்டும். மாறாமல் வருவது மனப்பாடம். மாறுவதைத்தான் ஆராய வேண்டும். பாதங்களுக்கென்று தனியாக ஒரு கேமரா அவசியம். படத்தில் நொடிக்கு நொடி குறிப்பெழுத நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் உருவாக்கிய 'ஈலான்' மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. எனினும் சில நிமிட ஆட்டத்துக்கே பல நாள்கள் பிடிக்கும் என்பதைத் திட்டத்தில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பதிவைக் கலைஞருக்கே போட்டுக் காட்டி, "இந்த இடத்தில் என்ன நினைத்தீர்கள்?" என்று கேட்பது அடுத்த படி. இதில் ஒரு சங்கடம் உண்டு. தம் குருவிடமே போய், "இது முன்பே தயாரித்ததா?" என்று எந்தச் சீடரால் கேட்க முடியும்? தபேலா கலைஞரிடமிருந்து தொடங்குவது விவேகம். எது தமக்கு எதிர்பாராமல் வந்தது என்பது அவருக்குத் தெரியும். சொற்கட்டுகளைக் குடும்பச் சொத்தாகக் கருதும் கரானாக்கள் உள்ளதால், எதை வெளியிடலாம் என்பதற்கு எழுத்துபூர்வ ஒப்புதல் பெறுவதும் தேவை.

பழைய பதிவுகளுக்குத் தில்லி மாணவர்கள் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. 1953-இல் தொடங்கப்பட்ட சங்கீத நாடக அகாதெமியின் ஒலி, ஒளிக் காப்பகம் ரவீந்திர பவனில் இருக்கிறது. அதன் அங்கமான கதக் கேந்திரம் 1964 முதல் இயங்குகிறது. இங்குள்ள பதிவுகளோடு புதிய பதிவுகளை ஒப்பிட்டால், இரு தலைமுறைகளுக்கு இடையே உபஜ் சுருங்கியதா, வேறு உருவெடுத்ததா என்பதற்கு ஓரளவேனும் சான்று கிடைக்கும்.

காலக்கணக்கும் முக்கியம். தில்லியில் நடன விழாக்கள் அக்டோபரிலிருந்து மார்ச் வரையில்தான் செறிவாக நடக்கின்றன. ஜனவரியில் தலைப்பைப் பதிவு செய்துவிட்டு, ஒப்புதல் கடிதங்களுக்கு இரண்டு மாதம் அலைந்து, மே மாத வெயிலில் கேமராவுடன் புறப்படுபவருக்குப் பதிவு செய்யக் கச்சேரி கிடைப்பது அரிது.