கார் உதறுகிறதா? அதன் கம்ப்யூட்டரைக் கேட்டுப் பாருங்கள்

உங்கள் வீட்டில் எத்தனை கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன என்று கேட்டால், மேஜை மேல் இருப்பது ஒன்று, பையில் இருக்கும் லேப்டாப் ஒன்று என்று எண்ணிச் சொல்வீர்கள். வாசலில் கார் நிற்கிறது என்றால் அதையும் கணக்கில் சேர்த்துக் கொள்ளுங்கள். காருக்குள் சின்ன அலுமினியப் பெட்டி ஒன்று இருக்கும். இன்ஜின் கண்ட்ரோல் யூனிட், சுருக்கமாக இ.சி.யு. என்பார்கள். அதில் பிராசசர் உண்டு, மெமரி உண்டு, எழுதி வைத்த புரோகிராம் உண்டு. கீபோர்டுக்கும் மவுசுக்கும் பதிலாக சென்சார்கள். மானிட்டருக்கும் பிரிண்டருக்கும் பதிலாக, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களும் பொறி கொடுக்கும் காயில்களும்.

இந்தக் கம்ப்யூட்டருடன் நம் லேப்டாப்பை இணைத்துப் பேச வைக்கலாம். இது கார் கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஓ.பி.டி.-2 என்ற பொதுவான ஏற்பாடு அமெரிக்காவில் 1996 முதலும், நம் நாட்டில் 2013 ஏப்ரல் முதலும் புதிய கார்களுக்குக் கட்டாயமானது. ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால் 16 பின்கள் கொண்ட ஒரு சாக்கெட் தெரியும். அதுதான் வாசல்.

இதை வைத்து என்ன செய்யலாம் என்பதை ஓர் உண்மைக் காரை வைத்தே பார்ப்போம். கார் இருந்தது இடைசெவலில். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் உள்ள கரிசல் கிராமம், கி.ரா.வும் கு.அழகிரிசாமியும் பிறந்த ஊர் என்றால் பலருக்கும் தெரியும். என் சித்தப்பா அங்கே விவசாயம் பார்க்கிறார். மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் கார் ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தார். சிக்னலில் நின்றால் வண்டி உதறும். ஆர்.பி.எம். முள் 650-க்கும் 950-க்கும் இடையில் ஆடும். சைலன்சர் வாயில் கரி. பக்கத்தில் நின்றால் பெட்ரோல் வாடை. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 11-க்கு இறங்கிவிட்டது. மஞ்சள் நிற செக் இன்ஜின் விளக்கு அணையவே இல்லை. ஆனால் நான்குவழிச் சாலையில் ஏறிவிட்டால் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வெளியூர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் பார்த்துவிட்டு, "இ.சி.யு. போய்விட்டது, மாற்ற 45 ஆயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். "பருத்தி போட்ட காசு பூராவும் இந்தப் பெட்டிக்குத்தானா தம்பி?" என்று கேட்டார் சித்தப்பா. கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றதும் மதர்போர்டை மாற்றச் சொல்பவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே கதைதான். இ.சி.யு. கெட்டுப் போகவே போகாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சந்தேகப்பட வேண்டிய பொருட்களில் அது கடைசி.

என்னென்ன வேண்டும்?

ஈ.எல்.எம். 327 அடாப்டர் என்று கேட்டால் கிடைக்கும். இந்த சிப்பை உருவாக்கிய கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 2022-ல் மூடப்பட்டது. சந்தையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் நகல்கள். சாதாரண வேலைக்கு இவை போதும், சில மட்டும் பாதியில் தொடர்பை விட்டுவிடும். லேப்டாப் என்றால் யு.எஸ்.பி. வகை நல்லது. செருகியதும் விண்டோஸ் அதை ஒரு காம் போர்ட்டாக எடுத்துக் கொள்ளும். டிவைஸ் மேனேஜரைத் திறந்து அதன் எண் என்ன என்று பார்த்து, அதே எண்ணைச் சாப்ட்வேரில் தர வேண்டும். ஆண்ட்ராய்ட் போன் என்றால் புளூடூத் வகை. பாஸ்வேர்ட் கேட்டால் 1234 அல்லது 0000. ஐபோன் வைத்திருப்பவர்கள் வை-பி வகையோ புளூடூத் எல்.இ. வகையோ பார்த்து வாங்கவும். இலவசமாகக் கிடைக்கும் சாப்ட்வேரே ஆரம்பத்துக்குப் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: படிக்கும் எண்களை சி.எஸ்.வி. பைலாகச் சேமிக்கும் வசதி அதில் இருக்க வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இணைத்ததும் முதலில் எர்ரர் கோடுகளைப் படித்தேன். இரண்டு வந்தன. பி 0300, அதாவது சிலிண்டர்களில் அங்கங்கே மிஸ்ஸிங். பி 0172, அதாவது கலவையில் பெட்ரோல் அதிகம். பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். இன்டர்நெட்டில் கோடைத் தேடி, அங்கே முதலில் எழுதியிருக்கும் பாகத்தை வாங்கி மாட்டி விடுகிறார்கள். கோடு சொல்வது "காய்ச்சல் அடிக்கிறது" என்பதை மட்டும்தான். எதனால் காய்ச்சல் என்று கண்டுபிடிக்க, இன்ஜின் ஓடும்போதே மாறிக் கொண்டிருக்கும் எண்களைப் பார்க்க வேண்டும்.

மைனஸ் என்றால் அதிகம்

அந்த எண்களில் முக்கியமானது ப்யூயல் டிரிம். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். இ.சி.யு. காற்றைக் கணக்கிட்டு அதற்கேற்ற பெட்ரோலைத் தருகிறது. புகைக் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் முடிவைத் திருப்பிச் சொல்கிறது. கூடிவிட்டது என்றால் அடுத்த முறை குறைக்கிறது, குறைந்துவிட்டது என்றால் கூட்டுகிறது. இந்தத் திருத்தத்தைச் சதவீதமாகக் காட்டுவதுதான் டிரிம். உடனுக்குடன் மாறுவது ஷார்ட் டேர்ம்; நாள்கணக்கில் கற்று மெமரியில் வைத்துக் கொள்வது லாங் டேர்ம். இரண்டையும் கூட்டினால் பிளஸ் 10-க்கும் மைனஸ் 10-க்கும் இடையில் இருப்பது நல்லது.

பெட்ரோல் அதிகமாக இருக்கும் காரில் எண் மைனஸில் வரும். புதியவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். டீ மாஸ்டர் ஒவ்வொரு டீக்கும் சர்க்கரையைக் குறைத்துக் கொண்டே வருகிறார், அப்படியும் டீ தித்திக்கிறது என்றால், வேறு எங்கிருந்தோ சர்க்கரை விழுகிறது என்றுதானே அர்த்தம்? சித்தப்பாவின் காரில் சூடான இன்ஜின் நின்ற இடத்தில் ஓடும்போது ஷார்ட் மைனஸ் 9, லாங் மைனஸ் 19. மொத்தம் மைனஸ் 28! அதாவது இ.சி.யு. தன் வேலையை ஒழுங்காகச் செய்து, கால் பங்குக்கு மேல் பெட்ரோலைக் குறைத்துக் கொண்டிருக்கிறது.

ஊரில் எல்லோரும் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்றார்கள். 2025-ல் நம் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டியது உண்மைதான். ஆனால் எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அந்தக் கலவைக்கு விகிதம் 13.5 அளவுக்கு இறங்கும். அதே காற்றுக்கு அதிகப் பெட்ரோல் தர வேண்டியிருக்கும். அதனால் டிரிம் பிளஸ் பக்கம்தான் நகரும். எங்களுக்கு வந்ததோ மைனஸ். அந்தக் குற்றச்சாட்டு அங்கேயே தள்ளுபடி.

அடுத்து ஏர் பில்டர். கரிசல் காட்டில் கோடையில் வண்டி ஓட்டினால் பில்டர் கறுத்துத்தான் போகும். கார்புரேட்டர் காலத்தில் பில்டர் அடைத்தால் பெட்ரோல் அதிகமாகும் என்பது சரி. இந்தக் காரில் பில்டரைத் தாண்டி, இன்ஜினுக்குள் நுழையும் இடத்தில்தான் மேப் சென்சார் அழுத்தத்தை அளக்கிறது. காற்று குறைந்தால் பெட்ரோலும் தானாகக் குறையும். புதுப் பில்டர் மாட்டினோம், எண் அசையவில்லை.

சென்சார் பொய் சொல்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால், மேப் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். கோவில்பட்டி வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரம். எனவே 100 கிலோபாஸ்கலை ஒட்டி வர வேண்டும். வந்தது. (கொடைக்கானலில் பார்த்தால் 80-க்கு அருகே காட்டும், பயப்பட வேண்டாம்.) அதேபோல் இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் கூலன்ட் சூடும் உள்ளே வரும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 29, 30 என்று இருந்தன. கூலன்ட் சென்சார் இன்ஜின் குளிர்ந்திருப்பதாகப் பொய் சொன்னால், சோக் போட்டது போல இ.சி.யு. பெட்ரோலை அள்ளிக் கொட்டும். இங்கே அது இல்லை.

டர்போவையும் சந்தேகப்பட்டார்கள். டர்போ என்பது புகையின் வேகத்தால் சுழன்று காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் விசிறி. வண்டி நிற்கும்போது அது காற்றை அமுக்குவதே இல்லை. உள்ளே அழுத்தத்துக்குப் பதில் உறிஞ்சல்தான் இருக்கும். மேப் 35 காட்டியது. 2500 ஆர்.பி.எம்.மில் வைத்துப் பார்த்தபோது டிரிம் மைனஸ் 5-க்கு வந்துவிட்டது. நிற்கும்போது மட்டும் வந்து, வேகத்தில் மறையும் கோளாறு டர்போவினால் வருவது அபூர்வம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் கரும்புகை வந்தால் கதை வேறு: டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் கிழிந்திருக்கிறதா, கிளிப் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சி.எஸ்.வி. பைல் காட்டிய வழி

இப்போதுதான் பைல் உதவியது. இரண்டு நாள் ஓட்டத்தை வினாடிக்கு ஒரு வரியாகப் பதிந்து, லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறந்து கிராப் போட்டேன். முதல் நாள் காலை, டேங்க் பாதி இருந்தபோது மைனஸ் 6. கோவில்பட்டியில் டேங்க்கை நிரப்பி, மதிய வெயிலில் திரும்பியபோது மைனஸ் 28. மறுநாள் விடியற்காலையில் மீண்டும் குறைவு. ஒர்க்‌ஷாப்புக்குக் காலையில் கொண்டு போனால் வண்டி சாதுவாக நின்றதற்கும் காரணம் புரிந்தது.

வெயிலுக்கும் டேங்க்குக்கும் பெட்ரோல் ஆவிக்கும்தான் தொடர்பு. டேங்க்கில் கிளம்பும் ஆவி வெளியே போகாமல் கேனிஸ்டர் என்ற கரி டப்பாவில் சேரும். பர்ஜ் வால்வு அவ்வப்போது திறந்து, அந்த ஆவியை இன்ஜினுக்கு எரிக்கக் கொடுக்கும். வால்வு மூடாமல் சிக்கிக் கொண்டால், வண்டி நிற்கும்போது இருக்கும் உறிஞ்சலில் ஆவி ஓயாமல் உள்ளே போகும். டர்போ அழுத்தம் வந்ததும் அந்தக் குழாயில் உள்ள ஒருவழி வால்வு அடைத்துக் கொள்ளும். அதனால்தான் நான்குவழிச் சாலையில் வண்டி பறந்தது.

நிரூபிக்க வேண்டுமே? மெக்கானிக் அண்ணாச்சி ஒருவரை வரச் சொன்னோம். பிளக்குகளைக் கழற்றி, "மூணும் கரி பிடிச்சுக் கெடக்கு. பெட்ரோல் கூடத்தான் வருது, ஏன் வருதுன்னு உம்ம பெட்டிதான் சொல்லணும்" என்றார். துடைத்து மாட்டியதும் லேப்டாப்பில் பர்ஜ் கட்டளை என்ற வரியைத் திறந்தேன். வண்டி ஓடும்போது 0 சதவீதம். அதாவது இ.சி.யு. வால்வை மூடச் சொல்லிவிட்டது. அண்ணாச்சி கேனிஸ்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, வால்வின் வாயில் விரலை வைத்தார். விரலை இழுத்தது! அடைத்து வைத்ததும் ஐந்தே நிமிடத்தில் உதறல் நின்றது. டிரிம் பூஜ்யத்தை நோக்கி ஏறியது. அப்படி ஏறாமல் இருந்திருந்தால், ஒழுகும் இன்ஜெக்டரைத்தான் அடுத்து பார்த்திருப்போம்.

வால்வு மதுரையிலிருந்து வந்தது. விலை 2,200 ரூபாய்.

இதைச் செய்யும்போது திறந்த வெளியில் செய்யுங்கள், பீடி சிகரெட் பக்கத்தில் இருக்கக் கூடாது. ரேடியேட்டர் விசிறி சொல்லாமல் சுழலும். பெட்ரோல் குழாய்களைத் தொடவே வேண்டாம். நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அழுத்தம் 200 பார் வரைகூட இருக்கும்.

வால்வு மாற்றியதோடு வேலை முடியவில்லை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலை நீர்க்க வைத்திருக்கும். டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஆயில் படலத்தின் மேல்தான் சுழல்கிறது. ஆயில் கெட்டால் டர்போ போகும். பெட்ரோல் அதிகமாகவே ஓடினால் கேடலிடிக் கன்வெர்ட்டரும் போகும். இரண்டும் வால்வைப் போல மலிவானவை அல்ல. ஆயிலையும் பில்டரையும் அன்றே மாற்றினோம்.

பிறகு கோடுகளை அழித்தேன். அழிக்காமல் விட்டால் மெமரியில் இருக்கும் மைனஸ் 19 சில நாட்களுக்கு வண்டியைப் பட்டினி போடும். அழித்ததும் ரெடினெஸ் மானிட்டர் என்ற சோதனைகளும் "முடியவில்லை" என்ற நிலைக்குத் திரும்பும். சில நாள் ஓட்டினால் ஒவ்வொன்றாக முடியும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதை அவசியம் பாருங்கள். விளக்கு அணைந்திருந்து, மானிட்டர்கள் பலவும் முடியாமல் இருந்தால், யாரோ சமீபத்தில் கோடை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். எது என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றி எடுத்து விடவும். சாவியை எடுத்த பிறகும் அந்த சாக்கெட்டில் கரண்ட் இருக்கும். நான்கு நாள் வண்டியை எடுக்கவில்லை என்றால் பேட்டரி இறங்கிவிடலாம்.